ஆறு புள்ளிகள் பிறந்த கதை

பார்வையற்றோர் விரல் நுனியால் தடவிப் படிக்கும் எழுத்தைப் பிரெயில் எழுத்து என்கிறோம். மூன்று வயதில் கண்ணில் காயம்பட்டுப் பார்வையிழந்த லூயி பிரெயில் என்னும் பிரெஞ்சுச் சிறுவன் தன் பதினைந்தாம் வயதில் அதைக் கண்டுபிடித்தான் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவது வழக்கம். சொல்வது உண்மைதான். ஆயினும், அப்படிச் சொல்லும்போது ஏதோ ஒரே இரவில் அந்த எழுத்து வானத்திலிருந்து இறங்கியது போன்ற எண்ணம் நமக்கு உண்டாகிவிடுகிறது. நடந்தது வேறு. ஒருவர் செய்து குறைபட்டுப்போனதை இன்னொருவர் எடுத்துத் திருத்தினார். அவர் திருத்தியதை லூயி எடுத்து மாற்றினார். பிறகு, தாம் அச்சிட்டு வெளியிட்டதையே எட்டு ஆண்டுகளுக்குப் பின் தம் கையாலேயே வெட்டிக் குறைத்தார். ஒரு பொருளை முதன்முறை செய்து முடிப்பதைவிட, அதில் பட்ட பாட்டை மறவாமல் அடுத்த முறை செய்வது கடினம் என்பதைக் கைத்தொழில் அறிந்தவர்கள் நன்கு உணர்வார்கள். பிரெயிலின் வாழ்க்கையை நாம் இங்கே பார்க்கப்போவதும் அந்தப் பக்கமிருந்துதான்.

பாரிஸ் நகருக்குக் கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் கூவ்ரே என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே சிமோன் ரெனே பிரெயில் என்பவர் குதிரைகளுக்குச் சேணமும் வார்களும் செய்து பிழைத்து வந்தார். அவருக்கும் மோனிக் அம்மையாருக்கும் கடைசிப் பிள்ளையாக 1809ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் லூயி பிறந்தார். தந்தையின் பட்டறையில் தோல் அறுக்கும் கத்திகளும் துளையிடும் குத்தூசிகளும் கிடந்தன. 1812இல் ஒருநாள், அப்பாவைப்போலத் தானும் தோலில் வேலை செய்ய முயன்றபோது கூரிய கருவி வழுக்கி ஒரு கண்ணில் பாய்ந்துவிட்டது. காயம் புரையோடியது. நோய் மற்றக் கண்ணுக்கும் பரவிற்று. ஐந்து வயதிற்குள் இரு கண்களும் முற்றிலும் இருண்டன.

அக்காலத்தில் பார்வையற்ற ஏழைப் பிள்ளைக்குக் காத்திருந்தது தெருவோரமும் பிச்சைப் பாத்திரமுமே. பிரெயில் குடும்பத்தார் அதற்கு இசையவில்லை. மகன் ஊருக்குள் தானே நடந்து பழகக் கோல் ஒன்றைத் தந்தை செய்து கொடுத்தார். பலகையில் தலைபெருத்த ஆணிகளை எழுத்து வடிவில் அடித்து, அவற்றைத் தடவிப் பார்க்கச் செய்து அகரவரிசையைக் கற்பித்தார். ஊருக்குப் புதிதாக வந்த பங்குத்தந்தை பல்லுயி அடிகளார் சிறுவனைத் தம் இல்லத்திற்கு வரவழைத்துப் பாடமும் மறையறிவும் புகட்டினார். அவருடைய பரிந்துரையால் ஊர்ப் பள்ளி ஆசிரியர் பெஷரே, பார்வையுள்ள பிள்ளைகளோடு லூயியையும் சேர்த்துக்கொண்டார். காதால் கேட்டதையெல்லாம் சிறுவன் நினைவில் நிறுத்தினான். ஆனால் மற்றவர்கள் புத்தகத்தைத் திறக்கும் நேரத்தில் அவன் சும்மா அமர்ந்திருக்க வேண்டியதாயிற்று.

பல்லுயி அடிகளாரின் முயற்சியால் பாரிஸிலிருந்த பார்வையற்ற சிறார்க்கான அரசப் பள்ளியில் இடம் கிடைத்தது. 1819ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள், பத்து வயதில், லூயி அங்கே சேர்ந்தார். அந்தக் கட்டடத்தைப் பற்றி நம் பள்ளிப் பிள்ளைகள் அறிந்துகொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஒரு காலத்தில் அது புனித வின்சென்ட் தே பவுல் தம் மறைபரப்புச் சபையைத் தொடங்கிய இல்லம். பிற்பாடு குருமடமாக இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது 1792 செப்டம்பரில் அங்கே குருக்கள் பலர் கொல்லப்பட்டனர். லூயி சேர்ந்த காலத்தில் அது ஈரம் ஊறிய, காற்றோட்டமில்லாத பழங்கட்டடம். அவரைப் பிற்காலத்தில் வாட்டிய நோய்க்கு அந்தச் சுவர்களும் ஒரு காரணம் என்று எண்ணுவோர் உண்டு.

அந்தப் பள்ளியை 1780களில் நிறுவியவர் வாலன்தேன் ஆயுயி. பார்வையற்றோர் தடவிப் படிக்க முடியும் என்று உலகுக்குக் காட்டிய பெருமை அவருடையது. நாம் கண்ணால் படிக்கும் அதே எழுத்துகளைப் பெரிதாக வார்த்து, நனைந்த தடித்த தாளில் அழுத்தி, மேடாக எழும்பச் செய்து நூல்கள் உண்டாக்கினார். அவருடைய எண்ணம் உயர்ந்தது: பார்வையுள்ளோரும் அற்றோரும் ஒரே எழுத்தைப் படிக்க வேண்டும். ஆனால் விரலுக்கு அது பெரும் சுமையாயிற்று. ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் சுற்றித் தடவி, அது இன்னதென்று அறிந்து, அடுத்ததற்குப் போவதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துவிடும். நூல்களோ தூக்க முடியாத பாரம். அவற்றைச் செய்யச் செலவும் மிகுதி, ஆகவே பள்ளியில் இருந்தவை மிகச் சிலவே. எல்லாவற்றையும்விட ஒரு குறை: மாணவர்கள் அந்த எழுத்தைப் படிக்கலாமே தவிரத் தாமே எழுத முடியாது. தான் கேட்டதைக் குறித்துவைக்கவோ நண்பனுக்கு நாலு வரி எழுதவோ வழியில்லை.

இந்நிலையில் 1821ஆம் ஆண்டு சார்ல் பார்பியே என்பவர் புதிய முறையொன்றைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். அவர் முன்னாள் பீரங்கிப்படை அலுவலர். இருளில் படைவீரர் செய்தி படிப்பதற்காக அவர் அதை அமைத்தார் என்ற கதை எங்கும் வழங்குகிறது. அதற்குச் சான்று இல்லை என்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். பள்ளி சென்றறியாத எளியோரும் பார்வையற்றோரும் விரைவில் எழுதக் கற்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். பிரெஞ்சு மொழியின் ஒலிகளை ஆறு வரிசை, ஆறு நிரல் கொண்ட 36 கட்டங்களில் அமைத்தார். ஓர் ஒலியைக் குறிக்க இரண்டு நெடுவரிசைப் புள்ளிகள். இடப்பக்கத்துப் புள்ளிகளை எண்ணினால் எந்த வரிசை என்று தெரியும், வலப்பக்கத்துப் புள்ளிகளை எண்ணினால் அதில் எத்தனையாவது கட்டம் என்று தெரியும். காடி வெட்டிய பலகையின்மேல் தாளை வைத்து, கூர்முனை ஊசியால் பின்புறமிருந்து குத்தினால் முன்புறத்தில் புள்ளி மேடாக எழும்.

பள்ளியின் புதிய தலைவர் பீன்யே மாணவர்களிடமே அதைக் கொடுத்து முயன்று பார்க்கச் சொன்னார். நம் கருத்தில், அவர் செய்த மிக நல்ல காரியம் இதுதான். பார்வையுள்ள அறிஞர் குழு ஒன்றைக் கூட்டி அவர்களிடம் தீர்ப்புக் கேட்டிருந்தால், புள்ளிகள் அழகாயில்லை என்று தள்ளியிருப்பார்கள். மாணவர்களின் விரல்களோ உடனே அறிந்துகொண்டன. கோட்டைவிடப் புள்ளியே விரலுக்குத் தெளிவாகப் படுகிறது. அதைவிடப் பெரிய மகிழ்ச்சி, தாமே எழுதலாம், எழுதியதைத் தாமே படிக்கலாம்.

அப்போது லூயிக்குப் பன்னிரண்டு வயது. அந்த முறையை ஆர்வத்தோடு கற்றவர்களில் அவரும் ஒருவர். கற்றபின் அதன் குறைகளும் அவருக்குத் தட்டுப்பட்டன. ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை வரும். அது விரல் நுனிக்குள் அடங்காது. விரலை மேலும் கீழும் நகர்த்தி எண்ண வேண்டும். எண்ணிக்கொண்டே படிப்பது படிப்பாகுமா? அடுத்தது, அது ஒலியை மட்டும் காட்டியது, எழுத்துக்கூட்டலைக் காட்டவில்லை. பிரெஞ்சில் ஒலிக்காத எழுத்துகள் ஏராளம். ஒலியை மட்டும் எழுதுகிறவர் ஆயுள் முழுதும் எழுத்துப்பிழையோடுதான் எழுத வேண்டும். காற்புள்ளி இல்லை, முற்றுப்புள்ளி இல்லை, எண்கள் இல்லை, இசைக்குறிகள் இல்லை. லூயி தம் எண்ணங்களைத் தெரிவித்தபோது பார்பியே ஏற்கவில்லை. ஏழைகளுக்கு எழுத்துக்கூட்டல் ஒரு சுமை, அதை நீக்குவதே உதவி என்பது அவர் கட்சி. அதிலும் இரக்கம் இருந்தது. ஆனால் அந்த இரக்கம் ஒரு எல்லையையும் வகுத்துவிட்டது: இவர்களுக்கு இவ்வளவு போதும் என்ற எல்லை. இலக்கணமும் கணிதமும் ஆலயத்தில் பாடும் பாட்டும் எல்லாமே வேண்டும் என்று விரும்பிய சிறுவனால் அதற்குள் நிற்க முடியவில்லை.

பகலில் பாடம், இரவில் மற்றவர்கள் உறங்கியபின் தாளும் ஊசியும். விடுமுறையில் கூவ்ரேயிலும் அதே வேலை. இப்படி மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1824இல், பதினைந்து வயதில், முறையின் அடிப்படை உருவாகிவிட்டது. அவர் எதை வைத்துக்கொண்டார், எதை விட்டார் என்று கவனிப்போம். பார்பியேயிடமிருந்து புள்ளியையும், பலகையையும், ஊசியையும் எடுத்துக்கொண்டார். ஆயுயியிடமிருந்து, எழுத்துக்கு எழுத்து படிக்க வேண்டும் என்ற கொள்கையை எடுத்துக்கொண்டார். கண்ணுக்குரிய வடிவத்தையும் எண்ணிப் பார்க்கும் தொல்லையையும் கைவிட்டார். பன்னிரண்டு புள்ளி ஆறாகக் குறைந்தது. இரண்டு நெடுவரிசை, ஒவ்வொன்றிலும் மூன்று. முழுவதும் ஒரே தொடுதலில் விரல் நுனிக்குள் அடங்கிவிடும். ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி அமைத்தால் 63 குறிகள் கிடைக்கும்.

அமைப்பும் நினைவில் நிற்கும்படி இருந்தது. முதல் பத்து எழுத்துகளுக்கு மேலேயுள்ள நான்கு புள்ளிகளே போதும். அடுத்த பத்துக்கும் அதே வடிவங்கள், இடப்பக்கம் கீழே ஒரு புள்ளி கூடுதலாக வரும். அதற்கடுத்தவற்றிற்குக் கீழே இரண்டு புள்ளிகளும் வரும். பத்தைக் கற்றவர் மற்றவற்றைப் பாதி கற்றவர் ஆகிறார். ஆங்கிலத்தின் 'டபிள்யூ' எழுத்து மட்டும் இவ்வரிசையில் சேராமல் தனியே நிற்கும். அக்காலப் பிரெஞ்சு அகரவரிசையில் அது இடம்பெறாததே காரணம். பின்னர் சேர்த்ததால் அதற்குக் கிடைத்த இடம் ஓரத்தில்தான்.

இங்கே நம் நாட்டு நினைவு ஒன்று வருகிறது. பனையோலையில் எழுத்தாணியால் எழுதிய நம் முன்னோர், ஓலை கிழிந்துவிடும் என்று அஞ்சி மெய்யெழுத்தின் புள்ளியை இடாமலே விடுவார்கள். லூயியின் தாளிலோ, வேறெதுவும் இல்லாமல் புள்ளியே எழுத்தாயிற்று. பின்புறமிருந்து குத்துவதால் வலமிருந்து இடமாக எழுத வேண்டும். தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம்.

1828இல் அப்பள்ளியிலேயே துணையாசிரியரான லூயி, 1829இல் தம் முறையை நூலாக்கினார். உரைநடை, இசை, ஆலயப் பண் ஆகியவற்றைப் புள்ளிகளால் எழுதும் வழி என்பது அதன் பொருள். அந்த நூல் அச்சானது ஆயுயியின் மேடிட்ட எழுத்தில். புதிய எழுத்தை அறிவிக்கப் பழைய எழுத்தே வேண்டியிருந்தது! முன்னுரையில் தாம் பார்பியேக்குக் கடன்பட்டிருப்பதை அவர் வெளிப்படையாகக் கூறியிருந்தார். கருத்து வேறுபட்டவரிடம் நன்றி மறவாமை எளிதன்று. பார்பியேயும் பின்னாளில் இந்த இளைஞரின் திறமையைப் பாராட்டி எழுதினார்.

அந்த 1829ஆம் ஆண்டு நூலில் புள்ளிகளோடு சிறு கோடுகளும் கலந்த குறிகள் இருந்தன. குறிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டி அவற்றைச் சேர்த்திருந்தார். தாளில் வகுத்துப் பார்க்கையில் அது சரியாகவே தோன்றியிருக்கும். வகுப்பறையில் பயன்படுத்தியபோதுதான் கோளாறு தெரிந்தது. கோட்டை ஊசியால் எழுதுவது கடினம். எழுதினாலும் விரல் அதை எளிதில் பிரித்தறியவில்லை. நண்பன் கோத்தியேயும் மாணவர்களும் நாள்தோறும் அந்த முறையில் எழுதிப் படித்தார்கள். அவர்கள் தடுமாறிய இடங்களை லூயி கவனித்துக்கொண்டே இருந்தார். 1837இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது கோடுகள் ஒன்றும் இல்லை. புள்ளிகள் மட்டும் நின்றன. தாமே யோசித்துச் சேர்த்ததை, அச்சில் ஏறிப் பெயர் பெற்றுவிட்டதை, தவறென்று கண்டதும் நீக்குவதற்கு எத்தனை பேருக்கு மனம் வரும்? அந்தப் பதிப்பில் நம் ஆண்டவர் கற்பித்த செபம் ஆறு மொழிகளில் புள்ளியெழுத்தில் அச்சாகியிருந்தது. அதே ஆண்டில் பிரான்ஸ் நாட்டு வரலாற்றுச் சுருக்கம் ஒன்று மூன்று தொகுதிகளாகப் பள்ளியிலேயே இந்த எழுத்தில் அச்சிடப்பட்டது.

இதற்கிடையில் அவர் தேர்ந்த ஆர்கன் இசைஞராகவும் விளங்கினார். 1834இல் பாரிஸின் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. இசைக்குறிகளுக்கு அவர் அவ்வளவு கவலைப்பட்டதன் காரணம் நமக்கு இப்போது விளங்கும். 1835 முதல் காசநோயின் அறிகுறிகள் தென்பட்டன. உடல் மெலிந்தது, வேலை குறையவில்லை.

புள்ளியெழுத்துக்கு எதிராகச் சொல்லப்பட்ட வாதம் ஒன்றுண்டு. பார்வையற்றோருக்கென்று தனி எழுத்து வந்தால், அவர்கள் மற்றவர்களிடமிருந்து பிரிந்துவிடுவார்கள் அல்லவா? தாய்க்கு மகன் எழுதும் கடிதத்தைத் தாய் படிக்க முடியாதே! இதை வெறும் பொறாமைப் பேச்சு என்று தள்ளிவிடக்கூடாது. லூயியும் தள்ளவில்லை. நியாயமான குறையென்று கண்டு அதற்குத் தனி வழி தேடினார். 1839இல் அவர் வெளியிட்ட மற்றொரு முறையில், பார்வையுள்ளோர் படிக்கும் எழுத்தின் வடிவத்தையே புள்ளிகளால் வரையலாம். எந்த எழுத்துக்கு எந்தெந்த இடத்தில் புள்ளி என்று கணக்கிட்டு அட்டவணை செய்திருந்தார். ஆனால் ஒரு எழுத்துக்கே பல குத்துகள் வேண்டியிருந்ததால் எழுத நேரமாயிற்று. இந்தக் குறையையும் அவர் விடவில்லை. அதே பள்ளியில் பயின்ற பார்வையற்ற இயந்திர வல்லுநர் பியேர் ஃபூக்கோ, 1841இல் பத்து விசைகள் கொண்ட கருவியொன்றை இதற்காகச் செய்து கொடுத்தார். தட்டச்சுப் பொறிகள் கடைக்கு வருவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே பார்வையற்ற பிள்ளைகள் விசையை அழுத்தி வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள்.

ஒரு மனிதர் தாம் கற்றதை அடுத்த செயலுக்குக் கொண்டுசெல்லலாம். ஒரு நிறுவனம் அப்படிச் செய்யுமா? 1840இல் பீன்யே பதவியிலிருந்து விலக்கப்பட்டு, துணைத்தலைவராயிருந்த துஃபோ தலைவரானார். அவர் மறுபடியும் மேடிட்ட எழுத்துக்கே திரும்பினார். ஆயுயியின் வடிவத்தை விட்டு வெளிநாட்டில் பயன்பட்ட வேறொரு வடிவத்தைக் கொணர்ந்தார், அவ்வளவே. பழைய நூல்கள் எரிக்கப்பட்டன. பிரெயில் முறை வகுப்பில் தடைசெய்யப்பட்டது. இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் விரல்கள் கற்றுக்கொடுத்த பாடம் அலுவலக அறையை எட்டவேயில்லை. கண்ணுக்கு அழகானதே கைக்கும் நல்லது என்று கண்ணுள்ளவர்கள் மீண்டும் முடிவு செய்தார்கள்.

ஆனால் பிள்ளைகள் மறந்துவிடவில்லை. ஊசி பறிக்கப்பட்டால் பின்னல் ஊசி, ஆணி, முள்கரண்டி என்று கிடைத்ததைக் கொண்டு இரவில் எழுதினார்கள். மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கற்பித்தார்கள். இதைக் கண்ட உதவித் தலைவர் குவாதே, அந்த எழுத்தின் பயனை உணர்ந்து துஃபோவின் மனத்தை மாற்றினார். 1844ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் பள்ளியின் புதிய கட்டடம் திறக்கப்பட்டபோது, குவாதே அந்த முறையைப் பற்றி அவையோர்முன் விரிவாகப் பேசினார். அவையில் ஒருவர் சொன்னதைப் பார்வையற்ற பிள்ளை புள்ளிகளில் எழுத, அதைக் கேட்டிராத மற்றொரு பிள்ளை வந்து தடவிப் படித்துக் காட்டியது. லூயியும் அன்று அங்கிருந்தார்.

அதற்குப்பின் அவருக்குக் கிடைத்த ஆண்டுகள் சிலவே. 1851 டிசம்பரில் இரத்தம் கக்கிப் படுக்கையில் விழுந்தார். திருவருட்சாதனங்களைப் பக்தியோடு பெற்று, 1852ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், மூவரசர் திருநாளன்று, தம் 43ஆம் வயதில் உயிர்நீத்தார். அவர் ஒரு சிறு பெட்டியைத் திறவாமல் எரித்துவிடச் சொல்லியிருந்தார். நண்பர்கள் எரிக்குமுன் திறந்து பார்த்துவிட்டார்கள். மாணவர்கள் அவரிடம் கடன் வாங்கியபோது எழுதிக்கொடுத்த சீட்டுகள் அதில் இருந்தன. அப்புறம் அவர் விருப்பப்படியே எரித்தார்கள்.

1854இல் பள்ளி அவருடைய எழுத்தை முறைப்படி ஏற்றது. 1878இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மாநாடு அதையே எங்கும் பயன்படுத்தப் பரிந்துரைத்தது. 1952இல் அவருடைய உடல் பிரெஞ்சு நாட்டுப் பெருமக்கள் துயிலும் பாந்தியோன் மண்டபத்திற்கு எடுத்துச் செல்லப்பட்டது. கைகளை மட்டும் கூவ்ரே ஊரார் தங்கள் கல்லறைத் தோட்டத்திலேயே வைத்துக்கொண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1951இல், இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் வகுக்கப்பட்டது. அதில் தமிழின் 'ம' என்னும் எழுத்துக்குரிய மூன்று புள்ளிகள், லூயி பிரெஞ்சு 'எம்' எழுத்துக்கு இட்ட அதே மூன்று புள்ளிகள்.